தள்ளுறத நிப்பாட்டுங்க

மலையகத்துல ஒரு பழைய வேனுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு என்ன தெரியுமா? "லேசா தள்ளிவிட்டா போதும், ஓடிடும்." சொல்றவர் முகத்துல ஒரு பெருமை வேற. அந்தப் பெருமைக்கு எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். தள்ளினால்தான் ஓடும் வேன் பழுதான வேன். எஞ்சின் மாற்றிக் கொடுத்தேன் என்று அதற்குக் காசு வாங்குவதும், காசைக் கொடுத்துவிட்டு நாம் ஆள் சேர்த்துத் தள்ளுவதும் போதும்.

இத்தனை தள்ளு வேன்கள் எங்கிருந்து வந்தன? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022 வந்தது: டீசல் வரிசை, கியூஆர் கோட்டா, எல்லாம். கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து வந்த விலை தோட்டத்துப் பக்கம் யாருக்கும் எட்டவில்லை. அதனால் இருக்கிற டவுன்ஏஸையும் டொல்பினையும் காப்பாற்றத்தான் வேண்டும். எஞ்சின் செத்தால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பானில் கழற்றிய பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து இறக்குகிறோம். இதில் தப்பே இல்லை. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது.

எஞ்சினைத்தான் மாற்றுகிறோம். வயரும் டீசல் குழாயும் பழைய வண்டியுடையவை. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. சம்பந்தம் பேசி முடிக்கிற வேலையை யாரும் செய்வதில்லை. பிறகு "கொழும்புல ஏமாத்திட்டான், எஞ்சின் சரியில்ல" என்று பழி எஞ்சின் மேல் விழுகிறது.

ஒரே ஒரு வயரைப் பார்ப்போம். இந்த வகை டீசல் எஞ்சினின் பம்பில் சின்னதாக ஒரு சொலனொய்ட் இருக்கும். கரண்ட் வந்தால் டீசலுக்கு வழி திறக்கும், கரண்ட் போனால் அடைக்கும். சாவியை அணைத்ததும் எஞ்சின் நிற்பது இதனால்தான். இதற்கான வயர், சாவி 'ஒன்'னில் இருக்கும்போதும் 'ஸ்டார்ட்'டுக்குத் திருப்பும்போதும் கரண்ட் இருக்கிற இடத்திலிருந்து வர வேண்டும். அவசரத்தில் அதை ரேடியோ ஓடுகிற 'ஏசிசி' வயரில் முறுக்கிவிடுகிறார்கள். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பியதும் ஏசிசி கரண்ட் நின்றுவிடும், அதன் அமைப்பே அப்படி. அப்போ என்ன நடக்கும்? ஸ்டார்ட்டர் நல்லா சுத்தும். ஆனால் சுற்றுகிற அந்த நேரத்தில் மட்டும் டீசல் அடைபட்டிருக்கும். எஞ்சின் பிடிக்காது. சாவியை ஒன்னில் விட்டுத் தள்ளினால் கரண்ட் இருக்கும், டீசல் போகும், உடனே பிடிக்கும்.

"தள்ளினா ஓடிடும்" என்ற அந்தப் பாராட்டுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இவ்வளவுதான். தப்பான இடத்தில் முறுக்கிய ஒரு முழ வயர். ஒரு டெஸ்ட் பல்பை சொலனொய்ட்டில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னால் போதும். ஸ்டார்ட்டில் பல்ப் அணைந்தால் குற்றவாளி பிடிபட்டான். அதைச் செய்யாமல் புது பெட்டரி வாங்கச் சொல்கிறார்கள். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்கிறார்கள். பிறகு பம்ப் வேலை. கடைசியில் சிலர் பெட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போ ஸ்டார்ட் ஆகும். ஆனால் சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது. இதுக்குப் பேரு வைத்தியமா?

இன்னொரு வயர், எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான அம்பியர் திரும்பி வர, எஞ்சினுக்கும் சசிக்கும் நடுவில் தடித்த எர்த் பட்டி வேண்டும். எஞ்சின் மாற்றும்போது கழற்றிய அந்தப் பட்டி மூலையில் கிடக்கும், இல்லாவிட்டால் பெயிண்டின் மேல் பூட்டியிருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரண்ட் வேறு வழி தேடி அக்சிலேட்டர் கேபிள் வழியாக ஓடினால் கேபிள் சுடும், உருகவும் செய்யும். இதையும் மீட்டர் சொல்லிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டரியின் நெகட்டிவ்வுக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. முழுதாகச் சார்ஜ் ஆன பெட்டரி 12.6 வோல்ட். சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்காத பெட்டரியை மாற்றச் சொல்பவரிடம் "ஏன்?" என்று கேளுங்கள்.

டீசல் குழாய்க்கும் இதே கதைதான். பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் "லீக்கே இல்லையே" என்று சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி நிறுத்திய வண்டியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் மறுபடி தள்ளு. ஃபில்ட்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழி தெரியும். பம்பில் 'அவுட்' என்று எழுதிய போல்ட்டில் துவாரம் மிகச் சின்னது. அதை டீசல் உள்ளே வரும் பக்கம் மாற்றிப் பூட்டினால் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம், இதுக்குப் போயி இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் இறம்பொடைக்கு வந்து பாருங்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதை. கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், மூடுபனி. இங்கே தள்ளுவது என்றால் இறக்கத்தில் விடுவது. இந்த டீசல் வேன்களில் பிரேக்குக்கு உதவுகிற வெக்யூம் பம்ப் ஓல்டனேட்டரோடு சுற்றுவது. எஞ்சின் ஓடாவிட்டால் வெக்யூம் இல்லை. ஒன்றிரண்டு மிதிக்கு மிச்சம் இருக்கும், அதுக்கப்புறம் பிரேக் கல்லு மாதிரி. பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றும் வேன் இது. ராத்திரி இரண்டு மணிக்கு லயத்தில் ஒருத்திக்கு வலி வந்தால், தள்ள நாலு பேரை எழுப்பணும், பிறகு பிரேக் இல்லாமல் இறக்கத்தில் விடணும். இதிலே பெருமைப்பட என்ன இருக்கிறது?

பாஸ்மாரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காதை வைத்தே எந்த சிலிண்டர் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அவர்கள். அந்தக் கைக்கு நாங்கள் மரியாதை கொடுக்கிறோம். ஆனால் "கைராசி" என்ற சொல்லை எதிர்க்கிறோம். கைராசி என்று சொன்னதும் கேள்வி கேட்கிற வழி அடைபடுகிறது. சரியானால் அவர் ராசி, சரியாகாவிட்டால் நம்ம விதி. மீட்டருக்கு ராசி கிடையாது, யார் பிடித்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வயரோடு என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. எங்களுக்குத்தான் வேலை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. கராஜ் கொட்டகைக்குள் அந்தத் திருத்தம் இன்னும் நுழையவில்லை. கையில் கிடைக்கிற வயரிங் படம் ஆங்கிலத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஜப்பானிய மொழியில். மலையகத் தமிழில் கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் இருக்கிறது, எர்த் பட்டிக்கு இல்லை. பாஸின் தலைக்குள் இருக்கிற அறிவை யாரும் எழுதாததால் ஒவ்வொரு உதவியாளனும் முதலிலிருந்து தடவித் தடவிக் கற்கிறான். தடவுகிற செலவு வேன்காரன் தலையில். எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியது இதைத்தான்.

ஆகவே மூன்று கோரிக்கை. எஞ்சின் மாற்றிய வண்டியை ஒப்படைக்கும்போது, எந்த வயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்த ஒரு தாள் கொடுக்க வேண்டும், தமிழில். சமதரையில், குளிர்ந்த எஞ்சினை, யாரும் தள்ளாமல் சாவியால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிய பிறகுதான் கடைசிப் பணம். மூன்றாவது, தேசிய தொழில் தகைமை முறையில் அனுபவத்தை வைத்தே சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த பிள்ளை ஒன்று பாஸ் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மல்டிமீட்டர் ஒன்றின் விலை, தேவையில்லாமல் மாற்றிய ஒரு பெட்டரியின் விலையில் சின்னப் பங்கு. தோட்டத்து இளைஞர் கழகம் ஒன்றால் வாங்க முடியாததா அது? கோயில் திருவிழாவுக்கு சவுண்ட் செட் எடுக்கிற கணக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த முறை "அண்ணே, ஒரு கை குடுங்க, தள்ளுவோம்" என்று யாராவது கூப்பிட்டால் கை கொடுங்கள். தள்ளி முடித்த கையோடு "அண்ணே, சொலனொய்ட் வயர் எங்கிருந்து வருது?" என்று கேட்டுவிட்டு வாங்க.