லேசருக்கு முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்

“ஸ்கேன்ல கோணம் குறுகலா இருக்காம். ரெண்டு கண்ணுக்கும் லேசர் போடணும்னு சொல்லிட்டாங்க.” கையில் அச்சுத் தாளோடு இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். விசாரித்தால், அந்த ஸ்கேனைத் தவிர கோணத்துக்கென்று வேறு பரிசோதனை எதுவும் நடந்திருக்காது. நான் ஆப்டோமெட்ரிஸ்ட்; கண் மருத்துவமனையில் ஸ்கேன் அறை என் பொறுப்பு. அத்தகைய படங்களை எடுப்பவள் என்ற முறையிலேயே சொல்கிறேன்: படத்தை மட்டும் நம்பி யாருக்கும் லேசர் போடக் கூடாது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. கருவிழியும் அதன் பின்னால் உள்ள கதிராளியும் சந்திக்கும் மூலைதான் அதற்கு வடிகால். அதைத்தான் கோணம் என்கிறோம். அது அடைபட்டால் கண்ணழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். சிலருக்குத் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வரும். பலருக்கு வலியே இருக்காது. சென்னையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில், ஆயிரத்துக்கு ஏறக்குறைய 9 பேருக்கு இந்தக் கோண அடைப்பு கிளாகோமா இருந்தது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இது. அதனால்தான் கோணத்தைச் சரியாகப் பார்ப்பது முக்கியம்.

அந்த மூலையை நேராகப் பார்க்க முடியாது. அங்கிருந்து வரும் ஒளி கருவிழியிலேயே பட்டு உள்ளே திரும்பிவிடும். ஆகவே மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி பதித்த சிறு லென்ஸைக் கண்மேல் வைத்துப் பார்ப்பார்கள். இதுதான் கோனியோஸ்கோபி. ஸ்கேன் எடுக்கும் ஓசிடி கருவியோ கண்ணைத் தொடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால், சில நொடிகளில் கோணத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் தந்துவிடும்.

அந்தப் படம் எப்படி எண்ணாக மாறுகிறது? வெள்ளைவிழி உள்நோக்கித் துருத்தும் ஸ்க்ளீரல் ஸ்பர் என்ற நுண்ணிய முனையைத் திரையில் தேடி, அதன்மேல் புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தள்ளி, கதிராளி வரை உள்ள இடைவெளி அளக்கப்படும். புள்ளி இம்மி நகர்ந்தாலும் எண் மாறும். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், கால் பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அந்த முனையே தெளிவாகத் தெரியவில்லை. மேலும் கீழும் இமை மறைப்பதால் அங்கேதான் சிக்கல் அதிகம். இமையை விரலால் தூக்கும்போது விழியில் அழுத்தம் விழுந்தால் கோணத்தின் வடிவமே மாறிவிடும். பெரும்பாலான கண்களில் மிகக் குறுகலாக இருப்பது மேல்கோணம். கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான் படத்தில் சரியாக விழுவதில்லை.

அடுத்தது வெளிச்சம். டியூப் லைட்டை அணைத்துக் காத்திருந்தால் கண்மணி விரியும், கதிராளி ஓரத்தில் தடிக்கும், கோணம் குறுகும். கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தால் அதே கண் வேறு எண்ணைக் காட்டும். கருவி மாறினாலும் அப்படித்தான்: ஒரு நிறுவனத்தின் கருவி தந்த அளவை இன்னொன்றின் அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் படம் சொல்லாத ஒன்று உண்டு. கதிராளி கோணத்தில் சும்மா சாய்ந்திருக்கிறதா, ஒட்டியே போய்விட்டதா என்பது அதில் தெரியாது. சாத்திய கதவுக்கும் ஆணி அடித்த கதவுக்கும் உள்ள வேறுபாடு அது. லென்ஸை மெல்ல அழுத்திப் பார்க்கும் மருத்துவருக்கு அங்கேயே விடை கிடைக்கும். சிகிச்சையும் அதைப் பொறுத்தே மாறும். சர்க்கரை நோயாளியின் கோணத்தில் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்களையும் லென்ஸில்தான் நேரடியாகக் காண முடியும்.

லென்ஸ் பரிசோதனையிலும் குறை உண்டு. இருவர் பார்த்தால் இரு மதிப்பீடு வரலாம். பாய்ச்சும் ஒளி கண்மணியில் பட்டால் குறுகிய கோணமும் திறந்ததுபோல் தோன்றும். கருவிழி மங்கியவர்களுக்கும், லென்ஸ் வைக்க ஒத்துழைக்க முடியாதவர்களுக்கும் ஓசிடி பெரிய உதவி. ஒரே கருவியில், ஒரே வெளிச்சத்தில், பழகிய கை எடுத்தால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அதன் அளவுகள் நம்பத் தகுந்தவை. ஆனால் மாறாமல் அளப்பது வேறு, யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று சொல்வது வேறு.

ஓசிடி, லென்ஸ் பரிசோதனையைவிட அதிகமான கண்களை ‘அடைபட்டவை’ என்று காட்டுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அப்படிச் சந்தேகிக்கப்படும் எல்லோருக்கும் லேசர் தேவையா? சீனாவின் குவாங்சோவில், கோணம் அடைபடக்கூடும் என்று சந்தேகித்த 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு 6 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கோண அடைப்பால் வரும் பாதிப்பை லேசர் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது உண்மை. ஆனால் லேசர் போடாத கண்களிலும் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் 8 கண்களே பாதிப்படைந்தன. ஆகவே சந்தேகத்துக்குரிய எல்லோருக்கும் லேசர் வேண்டாம் என்றார்கள் ஆய்வாளர்கள். கடும் வலியோடு அழுத்தம் ஏறியவர்களும், ஏற்கெனவே நரம்பு பாதிக்கப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது கடினமல்ல. எந்தக் கருவி, எந்த வெளிச்சம் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். முனை தெரியாத இடத்தில் எண்ணைப் போடாமல் ‘அளக்க இயலவில்லை’ என்று போடுங்கள். பயிற்சி மருத்துவர்களுக்குக் கோனியோஸ்கோபி கைவர நேரம் ஒதுக்குங்கள். லேசர் என்று சொன்னால், “லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா டாக்டர்?” என்று நோயாளிகள் தயங்காமல் கேட்கட்டும். அந்தப் பரிசோதனைக்குத் தேவை ஒரு சொட்டு மருந்தும் சில நிமிடங்களும்தான். லேசரால் கதிராளியில் துளையிடும் முடிவை எடுப்பதற்கு முன் அவ்வளவு நேரம்கூட ஒதுக்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது.