"இருக்கிற இடமே தெரியாத பிள்ளை" என்று இனிப் பாராட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற உம்மாமார் பலர் எங்களிடம் பெருமையாகச் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது. "எங்கட பிள்ளை இருக்கிற இடமே தெரியாது டீச்சர்." அயலவரும் அதைச் சொல்லித்தான் மெச்சுவார்கள். தேர்ச்சி அறிக்கையில் 'அமைதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வகுப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மூத்திரம் முட்டினாலும் கையை உயர்த்திக் கேட்காது. கணக்கு விளங்காவிட்டாலும் கேட்காது. பின்வாங்கில் இருப்பவன் பேனையால் குத்தினாலும் சொல்லாது. பெயர் கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், தொண்டை அடைக்கும். அதற்கு ஊர் வைத்திருக்கிற பெயர் அமைதி. அது பயம்.

உடனே ஒருவர் ஹயாவைப் பற்றிப் பின்னூட்டம் எழுதுவார் என்று தெரியும். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாங்களும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் ஹயா என்பது கெட்டதைச் செய்யவிடாமல் ஆளைத் தடுப்பது. நல்லதைச் செய்யவிடாமல் தடுப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள். அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா நாயகி அவர்களைப் புகழ்ந்ததை நம் மதரஸாக்களிலும் ஓதிக் கொடுக்கிறார்கள். மூஸா நபியைப் பிர்அவ்னிடம் போகச் சொன்னபோது நாவின் முடிச்சை அவிழ்த்துத் தரும்படி கேட்டார்கள், சகோதரர் ஹாரூனைத் துணைக்குக் கேட்டார்கள். போகாமல் இருக்க அனுமதி கேட்கவில்லை.

இந்தப் பயத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போகத் துணியாமல், ஒரு படிவம் நிரப்ப இடைத்தரகருக்குக் காசு கொடுக்கிற ஆம்பிளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்? நோயைப் பற்றி டாக்டர் கேட்டால் மச்சாளைப் பார்த்துத் தலையைக் குனிகிற பெண்கள் எத்தனை பேர்? நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்து, கொழும்பு பஸ்ஸில் ஏறி, மதவாச்சியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் மன்னாருக்குத் திரும்பிய ஒரு பொடியனை எங்களுக்குத் தெரியும். நல்ல பெறுபேறு எடுத்தவன். வீட்டில் "கிடைக்கல்ல" என்று சொல்லிவிட்டான். அவனுக்குப் போட்டியாக அங்கே எவனும் வந்திருக்கத் தேவையில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் பேசாமல் விட முடியாது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய் இறங்கினார்கள். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்கள், தண்ணீர் வரிசை, நிவாரண வரிசை, எங்கே போனாலும் முன்னால் போய் நிற்கிற 'அகதி' என்ற சொல். அந்தக் காலத்தில் ஒரு வாப்பா தன் பிள்ளையிடம் "தலையைக் குனிஞ்சு போ, வாயைத் திறக்காதே, பிரச்சினை வேண்டாம்" என்று சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்தவர் ஊரில், அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் அள்ளி வாழ்ந்தவர்களின் புத்திமதி அது. 2009க்குப் பிறகு குடும்பங்கள் திரும்பி வந்தன, கிணறு தோண்டின, வீடு கட்டின. புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு அங்கேயும் வந்தான், இங்கேயும் வந்தான் என்ற பெயர். அந்தப் பழைய புத்திமதி மட்டும் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து வீட்டுக்குள் குந்திக்கொண்டது. காணி உறுதியைப் பற்றி, வாக்காளர் பதிவைப் பற்றி வாய் திறந்து கேட்க வேண்டிய தலைமுறைக்கு வாயை மூடத்தான் பழக்கியிருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில், சோதனைச் சாவடியில் நம் பெண்கள் பட்டது பயம்தானே என்று கேட்பீர்கள். அது வேறு. உண்மையான ஆபத்துக்குப் பயப்படுவது அறிவு. கதவு திறந்து கிடக்கிற வங்கிக்குள், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் ஒரு சிட்டையை நீட்ட முடியாமல் திரும்பி வருவதைத்தான் நாங்கள் பேசுகிறோம்.

இதற்கு ஊரில் இரண்டு வைத்தியம் நடக்கிறது. இரண்டும் நோயைக் கூட்டுகிற வைத்தியம்.

ஒன்று, பொத்திப் பாதுகாப்பது. "உங்கட பேர் என்ன மகள்?" என்று பிள்ளையைக் கேட்டால் உம்மா பதில் சொல்வார். கடைக்குப் போனால் ராத்தா கேட்டு வாங்குவாள். விருந்தாளி வந்தால் அறைக்குள் ஓட அனுமதி. பிள்ளைக்கு அந்த நிமிடம் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் நஞ்சு. ஒவ்வொரு முறை தப்பி ஓடும்போதும் "ஓடினதால்தான் பிழைத்தேன்" என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் முந்தி வரும், இன்னும் பெரிதாக வரும். முதலில் மேடைக்குப் பயம், பிறகு வகுப்புக்கு, பிறகு வாசலுக்கு வருகிற மீன்காரருக்கும் பயம்.

மற்றது, தூக்கி எறிவது. "மேடையில ஏத்தி விடுங்க சேர், பயம் தன்னால போகும்." மீலாத் விழாவில் முந்நூறு பேருக்கு முன்னால் ஒலிவாங்கியைக் கையில் திணிப்பார்கள். பிள்ளை இரண்டு வரியோடு நின்று, அழுது, இறங்கி ஓடும். கீழே கூட்டம் சிரிக்கும். அதைக் கைபேசியில் எடுத்து வட்ஸ்அப் குழுமத்தில் போடுகிற பெரிய மனிதரும் நம் ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் ஒன்று சொல்கிறோம்: அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். உங்களுக்கு அது அரை நிமிடச் சிரிப்பு. அந்தப் பிள்ளை ஓ.எல். முடியும்வரை மேடைப் பக்கம் தலை வைக்காது.

"எங்கட வாப்பா எங்களைத் தோணியிலிருந்து தள்ளித்தான் நீந்தப் பழக்கினார்" என்று சிலர் பெருமையடிப்பார்கள். சரி. தள்ளப்பட்டு, தண்ணீர் குடித்து, அன்றோடு கடலையே வெறுத்தவன் அந்தக் கதையைச் சொல்ல வரமாட்டான் அல்லவா? மற்றப்படி இந்தக் கரையில் யார் அப்படிப் பழக்குகிறார்கள்? கணுக்கால் தண்ணீரில் விளையாட விடுவோம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். கரையிலேயே வைத்திருந்தும் எவனும் நீந்தப் பழகினதில்லை.

இந்தப் படிமுறையைத்தான் உலகம் ஆய்வு செய்து ஒத்துக்கொண்டிருக்கிறது. 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறுகிற மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனின் பயத்தை நீக்கிய விதத்தை எழுதி வெளியிட்டார். பிள்ளை சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கிட்ட, இன்னும் கிட்ட, பிறகு கூண்டைத் திறந்து. முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார்கள். கடைசியில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1958இல் தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வொல்பே இதைப் பெரியவர்களுக்கான ஒரு முழுச் சிகிச்சை முறையாகவே எழுதினார்.

வெள்ளைக்காரன் சொன்னால்தான் ஏற்பீர்களா என்று கேட்பவர்கள் இமாம் கஸ்ஸாலியிடம் போகலாம். 1111இல் மறைந்தவர். இஹ்யாவில் நப்ஸைப் பண்படுத்துகிற பகுதியில், தன் கோழைத்தனத்தைப் போக்க மாரிக்காலத்தில் அலை கொந்தளிக்கும்போது கடலில் பயணம் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அதே இடத்தில், பழக்கத்தை ஒரேயடியாக மாற்ற முடியாதவரைப் படிப்படியாக நகர்த்தச் சொல்கிறார். உதாரணத்துக்கு அவர் எடுத்தது பள்ளிப் பிள்ளையை! முதலில் பந்தும் மட்டையும் காட்டிப் படிக்கக் கூப்பிடு, பிறகு நல்ல உடுப்பு, பிறகு பதவி, கடைசியில்தான் மறுமை. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த மனிதருக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது.

காந்தியின் கதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். லண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் கமிட்டியில் பேச முடியாமல் எழுதிக் கொண்டுபோனார், அதையும் வேறொருவர் வாசித்தார். பம்பாயில் ஒரு சின்ன வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழும்பி, தலை சுற்றி, ஒரு கேள்விகூட வராமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு 1893இல் பிரிட்டோரியாவில், ஹாஜி முஹம்மத் ஹாஜி ஜூசப் என்ற வியாபாரியின் வீட்டில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்று அவரே சொல்கிறார். கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் மேமன் முஸ்லிம்கள். ஒரு வீட்டின் கூடம், தனக்குத் தெரிந்த விடயம். அதன் பிறகு அந்தக் கூட்டம் ஓரளவு ஒழுங்காகவே தொடர்ந்து நடந்திருக்கிறது. ஒரு பேச்சில் அவர் காந்தி ஆகவில்லை. ஆனால் தொடங்கின இடத்தின் அளவைப் பாருங்கள்.

எங்கள் வகுப்புகளில் நாங்கள் செய்வது இதைவிடச் சின்னது. வாயே திறக்காத பிள்ளையிடம் முதல் வாரம் எதுவும் கேட்பதில்லை. இடாப்புக் கூப்பிடும்போது தலையை ஆட்டினால் போதும். பிறகு உதடு அசைந்தால் போதும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் காதில் பதில் சொல்லட்டும், அவள் எங்களுக்குச் சொல்வாள் (ஹாரூன் முறை என்று எங்களுக்குள் பெயர்). பிறகு இருந்த இடத்திலேயே ஒரு வரி வாசிப்பு. அது சலித்துப்போகும்வரை அதே வரிதான். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு நாள் வாசித்துவிட்டது என்று மறுநாளே காலைக் கூட்டத்தில் ஏற்றிவிடுவார்கள். படி சலிக்க வேண்டும். கொட்டாவி வருகிற அளவுக்குச் சலித்த பிறகுதான் அடுத்த படி.

இன்னொன்று, படியில் நிற்கும்போது நடுவில் ஓட விடக்கூடாது. படபடப்பு ஏறும், நிற்கும், தானாக இறங்கும். இறங்குவதைப் பிள்ளை தன் நெஞ்சாலேயே பார்க்க வேண்டும். புத்தகத்தால் முகத்தை மறைத்து வாசிப்பது, சொல்லப்போவதை வரிவரியாகப் பாடமாக்கி ஒப்புவிப்பது, இதெல்லாம் ஓடுவதன் வேறு வடிவம். மெதுவாக அதையும் கழற்ற வேண்டும். தொடங்குவதற்கு முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று ஒரு துண்டில் எழுதச் சொல்வோம். "எல்லாரும் சிரிப்பாங்க" என்று எழுதிய பிள்ளை, முடிந்ததும் பார்த்தால் மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். மன்னாரில் கழுதைக்குக் கிடைக்கிற கவனம் நமக்குக் கிடைக்காது என்று தெரிவதே பெரிய விடுதலை.

வளர்ந்தவர்களுக்கும் இதுதான். கடையில் "இது என்ன விலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் வாருங்கள். அடுத்தது பஸ்ஸில் இறங்குகிற இடத்தை நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு தபாற் கந்தோர், பிறகு கிராம சேவகர், பிறகு செயலகம். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த நாலு சொல்லோடு போங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

பெண் பிள்ளை மேடையில் ஏறிக் கதைக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறவர்களே, மேடையை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவள் பிரசவ விடுதியில் தனக்கு என்ன செய்கிறது என்று தாதியிடம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை அடித்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும். விதவையானால் பிள்ளைகளின் உரிமையைக் கேட்க வேண்டும். பயிற்சி அதற்கு. அன்றைக்கு அவளுக்காகப் பதில் சொல்ல நீங்கள் உயிரோடு இருப்பீர்கள் என்று எழுதித் தருவீர்களா?

சில பிள்ளைகளுக்கு வீட்டுப் பயிற்சியும் வகுப்புப் பயிற்சியும் போதாது. வீட்டில் வாயாடி, பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் இல்லை; காலையில் வாந்தி, வயிற்றுவலி, பாடசாலைக்குப் போகவே மாட்டேன் என்ற அடம். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அங்கே போனால் 'பைத்தியம்' என்று பெயர் வரும் என்பவர்களின் வாய்க்குப் பயந்தால், பிள்ளைக்கு இருக்கிற அதே நோய் உங்களுக்கும் இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. இந்த வருட மீலாத் போட்டிக்கு முன்னால் ஒரு மாதம், வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பிறகு மதரஸாவின் சின்ன அறையைத் திறந்து தாருங்கள். பத்துப் பாய் போதும். ஒலிவாங்கி வேண்டாம், பரிசு வேண்டாம், கைபேசி வாசலில் இருக்கட்டும். எங்களில் இரண்டு ஆசிரியர்கள் ஒவ்வொரு நாளும் வருவோம். பிள்ளைகள் ஐந்து பேருக்கு முன்னால் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்வதில் தொடங்குவார்கள், மேடை வரைக்கும் போகாதவர் போகாமலே இருக்கட்டும். வாப்பாமார் வந்து வெளியே பெஞ்சில் உட்காரலாம். உள்ளே கேள்வி கேட்கும்போது வெளியிலிருந்து பதில் சொல்ல வேண்டாம்.