பேராசை என்னும் பழி

பிரமிட் திட்டத்தில் முதியவர் ஒருவர் பணத்தை இழந்தால், "பேராசை பெருநட்டம்" என்று பழமொழி கூறி ஒதுங்கிக்கொள்கிறது நமது படித்த வர்க்கம். இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமானபோது, யாழ்ப்பாணத்து ஓய்வூதியரின் வங்கி வைப்பை அரித்தது எவருடைய பேராசை? அதன்பின் அவர் முற்றத்துக்கு வந்தவன் மருமகன் முறையானவன். சிலவேளை அவரிடமே படித்தவன். கைத்தொலைபேசியில் நாளாந்தம் ஏறும் இலாபத்தைக் காட்டினான். ஏறியது வெறும் இலக்கம். தொடக்கத்தில் கையிற் கிடைத்த சிறுதொகையோ பின்னால் சேர்ந்தவரின் பணம்.

ஒருவர் 6 பேரைச் சேர்க்கவேண்டும் என்று கொள்வோம். பத்தாவது படியில் 6 கோடிக்கு மேற்பட்டோர் தேவை. இலங்கையின் மக்களோ இரண்டேகால் கோடிக்கும் குறைவு! இத்தகைய திட்டங்களை நடத்துவதும் பரப்புவதும் வங்கித்தொழிற் சட்டப்படி குற்றம். தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அது நம்மவர் திண்ணைவரை வந்து சேர்வதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! அந்தப் பெருக்கற் கணக்கை உங்கள் அம்மம்மாவின் அருகிலிருந்து, அவர் கையாலேயே செய்யவிடுங்கள். பணம் போனபின்பும் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போகாதிருக்கும் ஒவ்வொரு நாளும், தரகன் அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கிறான்.