பழுப்பா தெரிஞ்சா போதுமா?

பயாப்சி திசுவுல நடக்கிற ஆராய்ச்சி பத்தி போன வாரம் ரெண்டு வரி எழுதினேன். "வெறும் எம்பிபிஎஸ், உனக்கெதுக்கு ஆன்டிபாடி பஞ்சாயத்து?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கேட்கலாம், தப்பில்லை. நான் பேத்தாலஜிஸ்ட் கிடையாது. ஆனா அந்தத் திசுவைக் கொடுக்கிற அம்மாகிட்ட கையெழுத்தோ கைநாட்டோ வாங்குறது பெரும்பாலும் என்னை மாதிரி வெறும் எம்பிபிஎஸ்தான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ்னு ஒரு நொதி. மிஞ்சிப்போன மாவுச்சத்தைக் கொழுப்பு அமிலமா மாத்தறது இதோட வேலை. கல்லீரல்லயும் கொழுப்புத் திசுவுலயும் நிறைய இருக்கும். மத்த செல்கள் பலதுக்கும் சாப்பாட்டுல வர்ற கொழுப்பே போதும். ஆனா மார்பகம், புரோஸ்டேட்னு பல புற்றுநோய்கள்ல செல்லே தனக்கு வேண்டிய கொழுப்பைத் தயாரிக்க ஆரம்பிச்சுடும். அப்போ இந்த நொதி எகிறும். அதனாலதான் உலகம் முழுக்க இதைத் தேடறாங்க. இதை அடக்கற மருந்துகளை மனுஷங்ககிட்ட சோதிக்கிற கட்டம் வரைக்கும் வந்தாச்சு.

நொதியைக் கண்ணால பார்க்க முடியாது. கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகுல பதிச்சு, மெல்லிசா சீவி, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி, அது மேல ஆன்டிபாடியை விடுவாங்க. அது நொதியைப் போய்ப் பிடிச்சுக்கும். அடுத்து ஒரு சாயம். ஆன்டிபாடி ஒட்டின இடம் பழுப்பா தெரியும். பழுப்பா இருந்தா நொதி "இருக்கு", இல்லாட்டி "இல்லை"ன்னு எழுதிடறாங்க.

என் சண்டை இங்கதான். பழுப்புன்னா ஆன்டிபாடி எதுலயோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு "செல்வராஜ்"னு கத்திப் பாருங்க, நாலு பேர் திரும்புவாங்க. அதுல நீங்க தேடி வந்த ஆள் யாருன்னு எப்படித் தெரியும்?

கற்பனை இல்லைங்க, இதே நொதிக்கு நடந்தது. 1989-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல குஹாஜ்டாவும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹாப்டோகுளோபின் சார்ந்த ஒரு ரத்தப் புரதத்துக்கான ஆன்டிபாடியை மார்பகப் புற்றுநோய்த் திசுவுல போட்டாங்க. பழுப்பான கட்டிகள் திரும்ப வர்றது அதிகம்னு தெரிஞ்சது. நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்தது, சின்ன இடம் இல்லை. அவங்க அத்தோட விடலை. ஆன்டிபாடி பிடிச்சிருந்த புரதத்தையே தனியா பிரிச்செடுத்து, அதோட அமினோ அமில வரிசையைப் படிச்சாங்க. 1994-ல் விடை வந்தது. ஆன்டிபாடி பிடிச்சிருந்தது அந்த ரத்தப் புரதத்தை இல்லை, ஃபேட்டி ஆசிட் சிந்தேஸை! கவனிச்சது சரி, வெச்ச பேர்தான் தப்பு. அதைத் திருத்த 5 வருஷம். திருத்தினதும் அதே குஹாஜ்டாதான், அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். இந்த நொதியைப் புற்றுநோய்ல துரத்தற ஆராய்ச்சி சூடு பிடிச்சதே அதுக்கப்புறம்தான்.

"அது பழைய காலம்"னு சொல்றவங்களுக்கு: கனடாவை மையமா வெச்ச வைகாரோஸ்னு ஒரு குழு, 65 புரதங்களுக்கு விற்கிற 614 ஆன்டிபாடிகளை ஒவ்வொண்ணா சோதிச்சது. முறை ரொம்ப எளிமை. அந்த மரபணுவையே நீக்கின செல்லுல ஆன்டிபாடியைப் போடு. புரதமே இல்லாத செல்லுல அது எதையாவது பிடிச்சா, தப்பான ஆளைப் பிடிக்குதுன்னு அர்த்தம். பாதிக்கு மேல ஏதாவது ஒரு சோதனையில ஃபெயில். ஃபெயிலான ஆன்டிபாடியை வெச்சு வந்த கட்டுரைகள் புரதத்துக்குச் சராசரியா 12. முடிவைப் பார்த்து கம்பெனிகளே சிலதை விற்பனையிலிருந்து எடுத்தாங்க. லேபிள்ல பேர் போட்டிருக்குங்கிறது ஆதாரம் ஆகாது.

எல்லா ஆன்டிபாடியும் குப்பைன்னு சொல்ல வரலை. ஏஎம்ஏசிஆர்னு இன்னொரு கொழுப்பு அமில நொதி இருக்கு. அதுக்கான ஆன்டிபாடி புரோஸ்டேட் பயாப்சிக்குத் தினமும் உதவுது. ஆனா அதை மட்டும் நம்பி எந்த நல்ல பேத்தாலஜிஸ்டும் புற்றுநோய்னு எழுத மாட்டார். புற்றுநோய் இல்லாத சுரப்பியும் சில நேரம் பழுப்பாகும். அதனால பேசல் செல்லைக் காட்டற இன்னொரு ஸ்டெயினையும் பக்கத்துல வெச்சுத்தான் படிப்பாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டுல திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகள்ல அரியலூரும் ஒண்ணு. எனக்கு அதுல பெருமைதான். கல்லூரி வளர்ந்தா மேற்படிப்பு வரும், மேற்படிப்புன்னா ஆய்வறிக்கை கட்டாயம். பல வருஷமா பல இடத்துல நடக்கிற கூத்து என்னன்னா, கையில இருக்கிற காசுக்கு ஒரு குப்பி ஆன்டிபாடி வாங்குவாங்க. 100 மைக்ரோலிட்டர், பல ஆயிரம் ரூபாய். அது தீர்ற வரைக்கும் ஸ்லைடு போட்டு, பழுப்பை எண்ணி, அறிக்கையைக் கொடுத்துட்டு டிகிரி வாங்கிடுவாங்க. எந்த குளோன், எந்த லாட், கன்ட்ரோல் எதுன்னு ஒரு வரி இருக்காது. பாவம், அந்த பிஜி டாக்டர் மேல எனக்குக் கோபமில்லை, 24 மணி நேர டூட்டிக்கு நடுவுல செய்யறார். கையெழுத்துப் போடற கைடு கேட்கணும்ல?

இன்னொண்ணு. செந்துறையிலயோ வேப்பந்தட்டையிலயோ இருந்து வர்ற ஒரு அம்மாவோட கட்டியை வெள்ளிக்கிழமை எடுத்து ஃபார்மலின்ல போடறோம்னு வைங்க. நடுவுல பொங்கல் லீவு. மார்பகத் திசு ஃபார்மலின்ல 6-லிருந்து 72 மணி நேரம் வரைக்கும்தான் இருக்கலாம்னு ஹார்மோன் ரிசெப்டார், ஹெர்2 சோதனைகளுக்கே சர்வதேச விதி இருக்கு. கூடக் குறைய ஆனா ஸ்டெயின் மாறும். ஆய்வுல இந்தக் கணக்கைப் பார்க்காம "கிராமப்புறப் பெண்களிடம் நொதி குறைவு"ன்னு முடிவு எழுதினா, அது நொதியோட கணக்கா, லீவோட கணக்கா?

"நம்ம ஊர்ல இதெல்லாம் கட்டுப்படியாகாது"ம்பாங்க. மார்பகத் திசுவைச் சுத்தி கொழுப்பு செல் இருக்கும், அதுல இந்த நொதி இருந்தே ஆகணும். அது பழுப்பாகலைன்னா அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடுங்க. இந்தக் கன்ட்ரோலுக்கு பைசா செலவில்லை. வெஸ்டர்ன் பிளாட் செஞ்சா பட்டை 270 கிலோடால்டன் பக்கம் வரணும், வேற எங்கேயோ வந்தா ஆன்டிபாடி மேல சந்தேகப்படுங்க. மரபணு நீக்கின செல்களை ஒவ்வொரு கல்லூரியும் வாங்க வேண்டாம். சென்னையில ஒரே ஒரு ஆய்வகம் வெச்சிருந்து எல்லாருக்கும் சோதிச்சுக் கொடுக்கலாம். வீணாகிற குப்பிகளோட விலையை விடவா அதிகம் ஆகிடும்? நெறிமுறைக் குழுவும் சம்மதப் படிவத்தோட நிக்காம, "உங்க ஆன்டிபாடி சரியானதுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்கணும். ஆய்வோட அறிவியல் தரத்தைப் பார்க்கிறதும் அவங்க வேலைதான்.

உங்களுக்கு இதுல என்னன்னா, ஊசியில எடுத்த பயாப்சி திசு நூல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவை சீவும்போதும் குறையும். நாளைக்கு நோய் திரும்பி வந்து, புது மருந்துக்கு ஒரு சோதனை தேவைப்பட்டா, அப்போ மெழுகு பிளாக்ல திசு மிச்சம் இருக்கணும்.

அதனால ஆராய்ச்சிக்குக் கையெழுத்து கேட்டா பயப்படாம கொடுங்க. மறுத்தாலும் உங்க சிகிச்சை குறையக் கூடாது, அது உங்க உரிமை. கொடுக்கும்போது ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க: "என் சிகிச்சைக்கு வேண்டிய டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுதா? பிளாக்ல மிச்சம் வைப்பீங்களா?" பதில் சொல்லாம யாராவது முறைச்சா, படிவத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு நாளைக்கு வர்றேன்னு சொல்லிடுங்க.