கல்லடைப்பும் முற்கணிப்பும்

கல்லடைப்பு நம் நாட்டார்க்குப் புதிய நோயன்று. கிரான் போன்ற ஊர்களிலே, வெயிலில் நின்று வயல் செய்து, வியர்த்த அளவிற்கு நீர் அருந்தாதோர்க்கு அதன் பெயரைச் சொன்னாற் போதும். வலியை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

புதியது அதனை அகற்றும் முறையே. வயிற்றைக் கீறாமல், சிறுநீர் வெளிவரும் வழியாகவே மெல்லிய நோக்குக்குழாயைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து சிறுநீர்க்கானுட் புகுந்து, கல்லை லேசர்க் கதிரால் உடைத்தெடுக்கின்றனர். 1912 இல் அமெரிக்க வைத்தியர் ஹியூ யங் ஒரு குழந்தையின் விரிந்த சிறுநீர்க்கானுள் நோக்குக்குழாயைச் செலுத்தினார். 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே இது பலரும் கைக்கொள்ளும் சிகிச்சையாயிற்று. "கீறலில்லை; விரைவில் வீடு திரும்பலாம்" என்ற பேச்சு ஊரிற் பரவிவிட்டது. அப்பேச்சுப் பெரும்பாலும் மெய்யே. எல்லார்க்கும் ஒருபடித்தாய் மெய்யன்று என்பதே ஈண்டு யான் சொல்லப்புகுவது.

சிறுநீர்க்கான் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் அகலமும் உடைய தசைக்குழாய். அதனுள் எக்கல் எளிது, எக்கல் அரிது என்பதை வைத்தியர் முன்னரே பெரிதும் கணிக்க வல்லர். கீழ்ப்புறத்துச் சிறுகல் எளிது. மேற்புறத்துக் கல்லோ, நோக்குக்குழாய் வழியே பாய்ச்சும் நீரால் தள்ளுண்டு மீண்டும் சிறுநீரகத்துள் ஓடி ஒளிதல் உண்டு. 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கல்லை உடைக்க நேரஞ் செல்லும். சி.ரி. படத்திற் கல்லின் அடர்த்தியும், மேலே சிறுநீரகம் வீங்கியிருத்தலும், கல்லைச் சுற்றிய சுவரின் தடிப்பும் தெரியும்.

இவற்றுள் எனக்குப் பெருங்கவலை தருவது சுவரின் தடிப்பே. வேலிக் கம்பியைக் கதியால் மெல்ல விழுங்குமாறுபோல, பல வாரம் ஓரிடத்திற் கிடந்த கல்லைச் சுவர் பற்றிக்கொள்ளும். அங்கே வலிந்து முயன்றாற் சுவர் கிழியக்கூடும். மிக அரிதாகக் கானே அறுந்துவிடுதலும் உண்டு. இதற்குக் காலதாமதமே பெருங்காரணம். வலி தணிந்ததும் கல் போயிற்று என்கின்றோம். வேளாண்மை வெட்டு முடியட்டும் என்கின்றோம். வலி நின்றும் கல் நிற்பதுண்டு. ஓசையின்றிச் சிறுநீரகம் கெடுவதுமுண்டு.

இனி, கணித்த வைத்தியர் அதனை நோயாளிக்குச் சொல்லல் வேண்டும். கான் ஒடுங்கியிருப்பின் வலிந்து புகாமல், ஸ்டென்ற் எனும் மென்குழாயை உள்ளே வைத்து, சில வாரஞ் சென்று வருமாறு கூறுதல் நல்ல வைத்தியரின் செயல். அதற்குட் கான் தானே விரிந்து இடங்கொடுக்கும். முன்னரே இது சொல்லப்படாவிடின் நோயாளி "ஒப்பறேசன் பிழைத்துப் போயிற்று" என்று எண்ணி இரண்டாம் முறை வாராதொழிவார். மாதக்கணக்கில் மறந்துவிட்ட குழாயின்மேல் உப்புப் படிந்து அதுவே கல்லாகும்! அடைப்போடு காய்ச்சலும் உடையார்க்கும் முதலில் தேங்கிய சிறுநீரை வடித்தலே முறை, கல்லெடுப்பது பின்னர்.

தமிழிற் சொல்ல இயலாது என்னும் சாட்டு நில்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்திற் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்னும் நூல் 1867 இல் வெளிவந்தது. சொன்னால் அஞ்சி ஓடிவிடுவர் என்பாரும் உளர். விதைக்குமுன் மழையையும் குளத்து நீரையும் கணக்கிட்டுப் பழகிய கமக்காரருக்கு இக்கணக்கு விளங்காது எனல் பொருந்தாது.

ஆதலின், நமது கல்லூரியிற் பயின்று வைத்தியராய் விளங்கும் பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுவேன். கையொப்பம் பெறுமுன் ஒரு தாளிலே, கல் எங்குள்ளது, எவ்வளவு பெரிது, முதன்முறையில் முடியாமற் போகக்கூடுமா, ஸ்டென்ற் வைத்தால் அதனை எடுக்குந் திகதி யாது என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத்தறியாத முதியோர்க்கு அத்தாளைப் படித்துக்காட்ட நம் மாணவர் உளர். திகதி குறிக்கையிற் பருவத்தையும் நோக்குக. கார்த்திகை, மார்கழியிற் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் அப்பாலுள்ளோர் தோணியிலேயே வருதல் வேண்டும். அவர்தம் ஸ்டென்றை ஐப்பசிக்குமுன் எடுத்துவிடுதல் நன்று.