மாலையில ஒன்றரை மணி நேரம்: பின்தங்கிய பிள்ளைகளுக்கு அது ஏன் முக்கியம்?

விருத்தாசலம்னா நினைவுக்கு வருவது பீங்கான். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை என அச்சில் வார்த்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். வகுப்பறை அப்படி இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கதை வாசிக்கும். பக்கத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டவே திணறும். ஆனா, ரெண்டு பேருக்கும் ஒரே புத்தகம்தான். அப்பா சூளையில, அம்மா கரும்பு வெட்டுல இருக்கும் வீட்டில், பாடம் சொல்லித்தர யார் இருக்காங்க?

ஆய்வு என்ன சொல்லுது?

பொருளியல் அறிஞர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிட, 2021 டிசம்பரில் பிள்ளைகள் ரொம்பவே பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிட கணக்கில் அடி அதிகம். ஏழைப் பிள்ளைகளுக்கு இழப்பும் அதிகம்.

நல்ல செய்தியும் உண்டு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அதில் சுமார் 24 சதவீதம், 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யின் பங்கு. ஏழைப் பிள்ளைகள்தான் அதிகமா மீண்டாங்க.

எப்படி நடந்தது?

பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அதே தெருவில் இருக்கும் ஒரு அக்கா, மாலையில ஒன்றரை மணி நேரம், சின்னக் கூட்டம். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவதே இதன் பலம். 'பிரதம்' அமைப்பு மும்பை, வடோதராவில் நடத்திய 'பால்சகி' திட்டத்தை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவும் 2007-இல் இதையே காட்டியது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பதும் இதற்காகத்தான்.

இனி என்ன செய்யணும்?

கொரோனா போய்விட்டது, மாலை வகுப்பு எதுக்கு என்று கேட்கலாம். வாசிக்கத் திணறும் பிள்ளை கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. விருத்தாசலம் போன்ற தொழிலாளர் ஊர்களில் மாலை மையம் நிரந்தரமாகணும். சொல்லித்தருபவருக்குக் கௌரவமான ஊதியம் வேணும். மதிப்பெண்ணோடு நிற்காமல், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கணும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தெருவில் ஒரு பிள்ளையிடம் நாலு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்க. இந்தக் கோரிக்கை ஏன்னு புரியும்.