புயல் நின்ற இடமும் மழை பெய்த இடமும்

புயலைக் குறித்து நம் ராமநாதபுரம் ஜில்லாவில் இருவித எண்ணம் உண்டு. கடற்கரை ஜனங்களுக்கு அது அச்சம். நயினார்கோவில் போன்ற உள்நாட்டு ஊர்களிலோ, கண்மாய் நிறையுமா என்ற ஆசையும் அந்த அச்சத்தோடு கலந்திருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால், "புயல் எங்கே இருக்கிறது?" என்று கேட்காத வீடு இங்கே இல்லை.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த புயல் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் இருளில் அலைக்கு இரையாயிற்று.

2020-ஆம் வருஷம் டிசம்பரில் ஏறக்குறைய அதே வழியாகப் 'புரெவி' வந்தது. 2-ந் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கிற்று. இம்முறை நம் தேசத்துச் செயற்கைக் கோள்கள் அதை விடாமல் பின்தொடர்ந்தன. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அது கரை கடக்கும் என்று வானிலை இலாகா எச்சரித்தது. மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டார்கள்.

புயலோ ராமநாதபுரத்துக்கு அருகே கடலிலேயே மணிக்கணக்காக நின்று வலுக் குன்றிவிட்டது. 'பயந்ததெல்லாம் வீண்' என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆனால் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நடராஜர் ஆலயத்துக்குள்ளேயே வெள்ளம் தேங்கிற்று.

காரணம் எளிது. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகையால் புயலுக்கு வடக்கே உள்ள கரையில் அது கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி, ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. படத்தில் காணும் புள்ளி புயலின் நடுவிடமே. அதுவே முழுப் புயல் அன்று.

காற்று உரக்குமுன் இதை வீட்டு வாசலிலேயே குழந்தைகளுக்குக் காட்டலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் நடுவிடம் இடக்கைப் பக்கம் இருக்கும். ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பாய்ஸ் பாலட் 1857-ல் வெளியிட்ட விதி இது. வாடை வீசினால் புயல் நமக்குக் கிழக்கே; கொண்டல் வீசினால் தெற்கே.

ஆனால் இந்த விதி எச்சரிக்கைக்கு ஈடாகாது. நம் ஊரில் வீசாத புயலைப் பொய்த்த புயல் என்று எண்ணுகிறவர்கள், அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வார்கள். அந்த அலட்சியம் புயலைவிடப் பொல்லாதது.